அடிபம்பும் சோடா ஓப்பனரும்

என் புருஷன் டெல்மர் என்னோடு ஒத்துப்போன அன்றுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

அதற்கு முன்னால் பயப்பட வேறு காரணங்கள் இருந்தன. போன வருஷம் மார்ச்சில் விறகு பிளக்கும் மெஷினில் அவன் வலது கை மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, உள்ளே அவன் நர்ஸோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். "சட்டையை வெட்டாதீங்கம்மா, அது நல்ல சட்டை!" என்று அவன் கத்தியது வெளியே கேட்டது. சரி, பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தேன். வாய் இருக்கிறவரை டெல்மருக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் கை ஆற ஆற வாய் அடங்கிப் போனது. நான் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். நாள் முழுக்கக் கூச்சல் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே டெல்மர் பேசிக்கொண்டிருப்பான். எத்தனையோ நாள் "கொஞ்சம் வாயை மூடேன்" என்று கெஞ்சியிருக்கிறேன். இப்போது வீடு நிசப்தமாக இருந்தது. கெஞ்சியது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று புரிந்தது.

எங்கள் மட்லிக் பள்ளத்தாக்கில் ஜனங்கள் இரண்டு கட்சி. தேர்தலைச் சொல்லவில்லை, அதில் எல்லோரும் ஒன்றாகவே திட்டுவார்கள். அணில் வேட்டைக்கு எடுத்துப் போகிற ரைஃபிளைச் சொல்கிறேன். எல்லோரிடமும் இருப்பது சின்னத் தோட்டா போடுகிற இருபத்திரண்டு ரகம்தான். ஒரு தடவை சுட்டதும் காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்ற வேண்டும். பம்பு ரைஃபிளில், குழலுக்குக் கீழே இருக்கிற கட்டையை இடது கையால் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ள வேண்டும். லீவர் ரைஃபிளில், சுடுகிற விசைக்கு அடியில் இருக்கிற இரும்பு வளையத்துக்குள் வலது கை விரல்களை விட்டு, கீழே தள்ளி மேலே இழுக்க வேண்டும். வித்தியாசம் இவ்வளவுதான். இதற்காக ஒரு கல்யாணமே ஒரு வாரம் தள்ளிப்போனது. என் கல்யாணம்தான்.

என் பிறந்த வீடு பம்பு. என் அண்ணன் ஹோபர்ட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்: பம்பு என்றால் விசைக் கையை எடுக்கவே வேண்டாம், கண் குறியை விட்டு நகராது, முழங்கை ஆடாது, அணிலுக்கு ஒன்றுமே தெரியாது. டெல்மர் வீடு லீவர். அவன் சொல்வான்: பம்புக் கட்டை கடகடவென்று ஆடும், காட்டுக்குள் பாத்திரக் கடையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் சத்தம் போடும், அணில் என்ன செவிடா? தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்களே, இங்கே முயலுக்குக் காலே இல்லை என்று சாதிப்பார்கள். இவன் எங்களை அடிபம்பு என்பான், நாங்கள் இவனைச் சோடா ஓப்பனர் என்போம். ஹோபர்ட் எங்கள் வீட்டு வாசற்படியில் கால் வைக்கும்போதே டெல்மர் கேட்கிற முதல் கேள்வி, "மச்சான், அடிபம்புல தண்ணி வருதா?" இருபது வருஷத்துக்கு மேலாக இதே கேள்வி. ஹோபர்ட் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பவன்போல முகம் சிவப்பான்.

செப்டம்பரில் அணில் வேட்டைக்கு அனுமதி தொடங்குகிற நாள் எங்களுக்குக் கிறிஸ்துமஸுக்கு அடுத்த பண்டிகை. விடிவதற்குள் எல்லோரும் மலை முகட்டில், அணில்கள் தேடி வருகிற ஹிக்கரிக் கொட்டை மரங்களின் அடியில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். பத்து மணிவாக்கில் இறங்கி வந்து ஹோபர்ட் வீட்டுக் கொல்லையில் பம்புக்கு எத்தனை, லீவருக்கு எத்தனை என்று பார்ப்பார்கள். தோற்ற கட்சி அத்தனை அணிலையும் தோலுரிக்க வேண்டும். ஜெயித்த கட்சி காப்பி குடித்துக்கொண்டு குறை சொல்லலாம். பிறகு அணிலை வறுத்து வெள்ளைக் குழம்பு வைத்து, சுடச்சுட மோர் ரொட்டியோடு சாப்பாடு. நான் டெல்மருக்கு வாழ்க்கைப்பட்டவள்தான், ஆனால் என் கையில் பம்பு. என் அணில்கள் அண்ணன் கணக்கில்தான் சேரும். டெல்மர் தோலுரிக்க நான் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்த வருஷங்கள் உண்டு, அந்த ருசியே தனி.

போன செப்டம்பரில் டெல்மர் முதுகுவலி என்று சொல்லிப் படுத்துவிட்டான். அவன் முதுகில் ஒரு வலியும் இல்லை. நானும் போகவில்லை. ஹோபர்ட் குழம்பைப் பாத்திரத்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசலிலேயே நின்று தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். தண்ணி வருதா என்று டெல்மர் கேட்பான் என்று காத்திருந்தான். டெல்மர் "நன்றி மச்சான்" என்று மட்டும் சொன்னான்.

இந்த ஆகஸ்டில் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"லீவரைக் கொடுத்துட்டு ஐவா கடையில ஒரு பம்பு மாத்திக்கலாம்னு இருக்கேன்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "என்ன சொன்னே?"

"வளையத்துக்குள்ள விட விரல் வேணும்ல. எல்லாரும் சொல்றாங்க. உங்க அண்ணன் இத்தனை வருஷமா சொன்னதும் சரிதான். பம்புதான் நல்லது."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தானே இத்தனை வருஷம் நான் தவம் கிடந்தேன்? கிடைத்தபோது சந்தோஷமே வரவில்லை. எங்கள் பஸ்ஸில் ஒரு கிழ இன்ஜின் இருந்தது. தினமும் முனகும், இருமும், திட்டும். ஒருநாள் சத்தமே இல்லாமல் மெத்தென்று ஓடியது, மறுநாள் நின்றுவிட்டது. எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தேன். எல்லாரும் சொல்றாங்க என்றானே, அந்த எல்லாரில் நானும் ஒருத்தி.

சனிக்கிழமை காலை ஐவா கடைக்குப் போனோம். ஐவா மாட்டுத் தீவனம், தூண்டில் புழு, ரைஃபிள் எல்லாம் ஒரே கவுண்டரில் விற்கிறவள். அவளுக்கு யார் மேலும் இரக்கம் கிடையாது, அதனால்தான் அவளை எல்லோருக்கும் பிடிக்கும். ஹோபர்ட் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தான். மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். மலையும் வந்தது, மச்சானும் வந்தான். முந்தின இரவே ஐவாவிடம் சொல்லி நல்ல பம்பு ஒன்றை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறான். அவன் முகத்தில் ஜெயித்த களை கொஞ்சமும் இல்லை. சாவு வீட்டுக்கு வந்தவனைப்போல இருந்தான்.

டெல்மர் தன் லீவரை உறையிலிருந்து எடுத்து, இடது கையாலேயே வளையத்தைத் தள்ளித் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டிக் கவுண்டரில் வைத்தான். அடிக்கட்டையில் அவன் கன்னம் பட்டுப் பட்டு ஒரு இடம் மட்டும் பளபளவென்று இருந்தது. ஐவா அதை எடுக்கவில்லை.

"முதல்ல பம்பைச் சுட்டுப் பாரு. அப்புறம் மாத்திக்கலாம். இதை வாங்கி வெச்சுட்டு நாளைக்கு நீ வந்து கண்ணைக் கசக்கினா எனக்கு வேலை கெட்டுப்போகும்."

கடைக்குப் பின்னால் ஒரு மேஜை, எதிரே மண்மேடு. அதன் மேல் பீன்ஸ் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஐவாதான் தோட்டாக்களை நிரப்பிக் கொடுத்தாள். டெல்மர் பம்பை வலது தோளில் வைத்தான். விசைக்கு மோதிர விரலைக் கொண்டுபோனான். கை கோணிக்கொண்டது, பிடி நிற்கவில்லை, குழலின் நுனி குடிகாரன்போல ஆடியது. சுட்டான். மண்மேட்டில் எங்கோ தூசி பறந்தது.

"பழகிரும் மாப்ளே," என்றான் ஹோபர்ட். "இடது தோள்ல வெச்சுப் பாருங்க. விசைக்கு இடது கை வந்துரும்ல?"

டெல்மர் தோளை மாற்றினான். குழல் ஆடவில்லை, அப்படியே நின்றது. அதை நான் பார்த்தேன். சுட்டான், ஒரு டப்பா துள்ளி விழுந்தது. ஹோபர்ட் கைதட்டப் போனான். ஆனால் இப்போது பம்புக் கட்டை வலது கைக்கு வந்துவிட்டதே. கட்டைவிரலையும் இரண்டு சின்ன விரல்களையும் வைத்து இழுத்தான். பாதியில் வழுக்கியது. மறுபடி இழுத்தான். மறுபடியும் பாதி. பாதி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறாது. அவன் நெற்றி வியர்த்தது. இல்லாத விரல்கள் வலிக்கும்போது அவன் உதட்டை மடித்துக்கொள்வான், அப்போதும் மடித்துக்கொண்டான்.

"ஒரு தோல் வார் தெச்சுக் கட்டையில மாட்டிட்டா..." என்று ஹோபர்ட் ஆரம்பித்தான். அவன் குரலும் பாதியில் வழுக்கியது.

டெல்மர் பம்பை மேஜையில் வைத்தான். "நல்லாத்தான் இருக்கு. எடுத்துக்கறேன் ஐவா."

அவன் எதற்கு எடுத்துக்கொள்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டுவான். யாராவது கேட்டால், வாங்கியாயிற்று, பழகணும் என்பான். பழகமாட்டான். ஒவ்வொரு செப்டம்பரும் முதுகு வலிக்கும். நாங்கள் எல்லோரும் அவனிடம் மெதுவாகப் பேசுவோம், அவன் எல்லோருக்கும் நன்றி சொல்வான். அப்படியே கிழவனாகிவிடுவான்.

அப்போதுதான் எனக்குப் பழைய குரங்கு வித்தை ஞாபகம் வந்தது.

கல்யாணமான புதிதில் ஒரு செப்டம்பர். அவனும் நானும் ஒரே ஹிக்கரி மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தோம். மரத்தடியில் உட்கார்ந்தால் ஒரு சிக்கல் உண்டு. வலது தோளில் சுடுகிறவனுக்கு அணில் இடது பக்கம் வந்தால் சொர்க்கம். வலது பக்கம் வந்தால் உடம்பையே திருப்ப வேண்டும், திரும்பினால் அணில் ஓடிவிடும். அன்று வலது பக்கம்தான் வந்தது. நான் பெருமூச்சு விட்டேன். டெல்மர் உடம்பை அசைக்காமல், தண்ணீர் ஊற்றுவதுபோல ரைஃபிளை இடது தோளுக்கு மாற்றிச் சுட்டான். அணில் பொத்தென்று விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் அதையே பேசினான். வித்தை காட்டாதே குரங்கே என்று திட்டினேன். திட்டியதால் ஒவ்வொரு வருஷமும் காட்டினான். பம்பிலும் அதைச் செய்யலாம் என்று நாங்கள் சொல்வோம், செய்யலாம்தான், கை இரண்டும் நன்றாக இருந்தால்.

மனசுக்குள் கைகளை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். லீவர், இடது தோள். விசை இடது கைக்கு. வளையமும் இடது கைக்கு, அந்தக் கைக்குத்தான் ஐந்து விரலும் இருக்கின்றன. வலது கைக்கு வேலையே இல்லை. அடியில் பலகை மாதிரித் தாங்கினால் போதும். நாங்கள் அத்தனை பேரும் வலது தோளையே பார்த்துக்கொண்டு வலது கைக்காக அழுதிருக்கிறோம். பம்புக் கட்சிக்காரி நான், பம்பு ஜெயிக்கிறது என்ற நினைப்பில் மூளையையே கழற்றி வைத்துவிட்டேன்.

உள்ளே போய் அவன் லீவரை எடுத்து வந்தேன்.

"இதை இடது தோள்ல வை."

"விடு ரோ."

"வைன்னு சொல்றேன்ல."

"ரோவீனா!" ஹோபர்ட் பதறிவிட்டான். "உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? நம்ம வீட்டுப் பொண்ணு லீவருக்குப் பரிஞ்சு பேசுறா. அப்பா கேட்டிருந்தா மனுஷன் குழியில இருந்து எந்திரிச்சு வந்திருப்பாரு."

"வரட்டும். வந்தா அவருக்கும் காப்பி போட்டுத் தரேன். நீ சும்மா இரு."

டெல்மர் தலையை ஆட்டினான். "அதெல்லாம் அப்போ சும்மா வேடிக்கைக்குச் செஞ்சது. இது போதும் ரோ. பம்பே போதும்."

"அப்ப நாளைக்குச் சர்ச் வாசல்ல நின்னு, எல்லார் முன்னாடியும், இத்தனை வருஷமா நான் சொன்னது தப்பு, பம்புதான் உசத்தின்னு சொல்லுவியா?"

ரோஷம் வரும் என்று நினைத்தேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொல்லிடறேன்" என்றான்.

அவ்வளவுதான். எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. ஐவா இருக்கிறாள், அண்ணன் இருக்கிறான் என்று ஒன்றும் பார்க்கவில்லை.

"சொல்லாதே! எனக்கு நீ சரி சொல்றது வேண்டாம்யா! ஒன்றரை வருஷமா சரி சரின்னு தலையாட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள ஒரு விருந்தாளி உக்காந்திருக்கான். அவன் யாருன்னே எனக்குத் தெரியல. அவன் கூட எனக்குக் குடித்தனம் பண்ணத் தெரியல. எனக்கு அந்த வாயாடிப் பயல் வேணும். நான் பயந்துபோய்க் கிடக்கேன் டெல்மர். புரியுதா உனக்கு? பயமா இருக்கு எனக்கு."

கடைக்குள் கோழிக்குஞ்சுப் பெட்டியில் குஞ்சுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. டெல்மர் என்னையே பார்த்தான். வெகுநாளைக்குப் பிறகு என்னைத்தான் பார்த்தான், எனக்குப் பின்னால் இருக்கிற சுவரை அல்ல.

"அழாதே," என்றான். "ஒரே தடவை. உனக்காக."

ஐவா லீவரில் தோட்டாக்களை நிரப்பினாள்.

இடது தோளில் வைத்தான். வலது கையை உள்ளங்கை மேலே பார்க்க விரித்து அடியில் கொடுத்தான். சுட்டான். டப்பாவுக்கு ஒரு சாண் தள்ளித் தூசி பறந்தது. ஹோபர்ட் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. டெல்மரின் இடது கை தானாகவே வளையத்தைத் தள்ளி இழுத்தது. கிளிக், கிளிக். ஒரு வழுக்கலும் இல்லை. மறுபடி சுட்டான், டப்பா உருண்டது. மறுபடி, அடுத்த டப்பா.

அடுத்த தடவை வளையத்தைத் தள்ளியபோது வலது பக்கமாகத் துள்ளிய காலித் தோட்டா நேராக அவன் சட்டைக் கைக்குள் போய் விழுந்தது. சூடு.

"ஐயோ! அம்மா! சனியன் பிடிச்ச..." ரைஃபிளை மேஜையில் வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு குதித்தான். அவன் வாயிலிருந்து வந்தவை அச்சில் ஏறாது. தோட்டா செய்தவனை, சட்டை தைத்தவளை, அதாவது என்னை, ஐவாவின் மண்மேட்டை, ஆகஸ்ட் மாதத்தை, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. காலித் தோட்டா தரையில் விழுந்து உருண்டது. அவன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தான், மூச்சு வாங்கியது, முகம் சிவந்திருந்தது. மேஜையில் கிடந்த பம்பைப் பார்த்தான். ஹோபர்ட்டைப் பார்த்தான்.

"மச்சான்," என்றான், "அடிபம்புல தண்ணி வருதா?"

ஹோபர்ட்டின் முகம் வழக்கம்போலச் சிவந்தது. தொப்பியைக் கழற்றி முகத்தில் வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று பார்க்க எனக்கு நேரமில்லை, என் கண்ணைத் துடைப்பதற்கே சட்டைக் கை போதாமல், பின்வாசலில் கிடந்த ஐவாவின் தீவன மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தேன்.

"மூட்டையை நனைக்காதே, தீவனம் பூசணம் பிடிக்கும்," என்றாள் ஐவா. பம்பை எடுத்துக்கொண்டுபோய் அலமாரியில் திரும்ப வைத்தாள். அவளும் மூக்கை உறிஞ்சினாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் டெல்மர் பேசினான். பம்பு ரைஃபிள் என்பது மனிதகுலத்தின் தவறு என்றான். வலது தோளில் சுடுவதே ஒரு சோம்பேறித்தனம், ஆரம்பத்திலிருந்தே எல்லோரும் இடது தோளில்தான் சுட்டிருக்க வேண்டும் என்றான். வண்டியை ஓட்டிக்கொண்டே நான் ஒவ்வொன்றுக்கும் மறுத்துப் பேசினேன். வாய் வலிக்க வலிக்கப் பேசினேன்.

செப்டம்பர் வந்தது. விடிகிற நேரத்தில் நான் முகட்டின் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். அங்கிருந்து ஒரு வெடி கேட்டது, பிறகு அந்தக் கிளிக், கிளிக். காட்டில் அவ்வளவு தூரத்துக்கு அது கேட்காது என்று ஹோபர்ட் அடித்துச் சொல்கிறான். எனக்குக் கேட்டது.

அன்று லீவர் கட்சி படுதோல்வி. டெல்மர் கொண்டுவந்ததே இரண்டுதான், என்னுடையதே அதைவிட அதிகம். சட்டப்படி நான் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிக்க வேண்டியவள். ஆனால் அவன் ஒரு கையில் கத்தி பிடிக்க முடியாமல் தடுமாறியபோது எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றேன். நான் வாலுக்கடியில் கீறிக் கொடுத்தேன். அவன் வாலைப் பூட்ஸால் மிதித்துக்கொண்டு, இடது கையால் பின்னங்கால்களைப் பிடித்து இழுத்தான். தோல் சட்டையைக் கழற்றுவதுபோலக் கழன்று வந்தது.

"பம்புல சுட்ட அணிலைப் பாரு," என்று அவன் ஆரம்பித்தான், "தோலே சரியா உரிய மாட்டேங்குது. பயந்து செத்த அணில். லீவர்ல சுட்டது நிம்மதியாச் செத்திருக்கும், மச்சான், நீங்களே தொட்டுப் பாருங்க..."

"மாப்ளே, தோத்தவங்க பேசக் கூடாது," என்றான் ஹோபர்ட் காப்பிக் கோப்பைக்குப் பின்னாலிருந்து.

"பேசட்டும்ணே," என்றேன். அடுத்த அணிலை எடுத்தேன்.